காரைக்காலின் கடல்வழிகள் – 17: மலை உச்சியில் ஒரு குளம்

சென்ற இதழில், காரைக்கால் கரையில் சலங்கு ஏறி, அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற பாய்மரக் கப்பல்களுக்குப் போனவர்களைப் பார்த்தோம். அந்தக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏறத்தாழ மூன்று மாதம் கடலில் கிடந்து, கரீபியத் தீவுகளில் ஆட்களை இறக்கின. அப்படி இறங்கிய தீவுகளில் ஒன்று மார்த்தினிக். அதன் வடக்கு மூலையைக் காட்டும் பழைய நில அமைப்பு வரைபடம்தான் இந்த இதழில் நமக்கு வழித்துணை.

1824, 1825 ஆண்டுகளில் பிரெஞ்சுக் கடற்படையின் நீரியல் பொறியாளர் மோனியே தம் சகாவோடு சேர்ந்து இந்தத் தீவை அளந்தார். அந்தக் காலத்து வரைபடங்களில் சம உயரக் கோடு கிடையாது. சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமாக மெல்லிய குறுங்கோடுகளை இழுத்து வைப்பார்கள். சரிவு செங்குத்தானால் கோடுகள் நெருங்கித் தாள் கறுக்கும். தரை சமமானால் கோடுகள் விலகித் தாள் வெளுக்கும். உயரம் எத்தனை அடி என்று தெரியாவிட்டாலும், ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அது எந்த வழியாகக் கடலுக்குப் போகும் என்பதைக் குழந்தையும் சொல்லிவிடலாம். மார்த்தினிக்கின் வடக்கே இந்தக் கோடுகள் ஒரே இடத்திலிருந்து நாலாபுறமும் விரிந்து கடலை நோக்கி இறங்கும். அந்த இடம் மோன் பெலே எரிமலை.

மேடு தெரியாத ஊர்

அந்த மலையடிவாரத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் எப்படிப்பட்ட நிலத்திலிருந்து போனார்கள் என்பதை அறிய, நம் பக்கத்து வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய எண் வரிசையில் காரைக்கால் நகரம் 58 என்/13 என்ற டோப்போ ஷீட்டில் வருகிறது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகளும், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும், குளங்களும் தாள் முழுக்க நீலமாக ஓடும். 20 மீட்டர் சம உயரக் கோடு ஒன்றுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஊரிலேயே உயரமான மண் என்றால் ஆற்றங்கரைதான்.

இந்தச் சமவெளி அளவைக்காரர்களைப் படுத்திய பாட்டை வில்லியம் லாம்ப்டன் கதையே சொல்லும். 1802-இல் சென்னையில் அடிக்கோட்டை அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியவர் அவர். குன்றின் மேல் நின்று அடுத்த குன்றைப் பார்த்துக் கோணம் எடுப்பது அவர் முறை. தஞ்சைச் சீமைக்கு வந்தபோது குன்றுக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களைத்தான் குன்றாக்கிக்கொண்டார். 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு நழுவிக் கருவி சுவரில் மோதி நசுங்கியது. கோபுரத்தை விட்டால் உயரமே இல்லாத நாடு இது.

இந்தச் சமவெளிக்கு நடுவே, 1739-இல் தஞ்சை மராத்தியர் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்குப் போன துண்டு காரைக்கால். இடையில் பலமுறை ஆங்கிலேயர் பிடித்தார்கள், உடன்படிக்கை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். 1817-இல் கடைசியாகத் திரும்பி வந்த பிறகு எல்லை நிலைத்தது. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். எல்லைக்கோடு பல இடங்களில் வயல்வெளிக்குள்ளேயே ஓடியது. வரப்பில் நடந்து போகும் ஒருவர் எந்த இடத்தில் பிரிட்டிஷ் ராணியின் நிலம் முடிந்து பிரெஞ்சு நிலம் தொடங்கியது என்று காலடியில் கண்டுபிடிக்க முடியாது. ஆள் சேர்க்கும் மேஸ்திரிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் போய்ப் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் எடுப்பதற்கு 1860-61 ஒப்பந்தங்கள் வரும்வரை அனுமதி இல்லை. அதனால் என்ன? தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்கள் வரப்பைத் தாண்டி நடந்து வந்துவிட்டால் அவர்கள் பிரெஞ்சு நிலத்தில் நிற்கிறார்கள். கூலி டிப்போவில் பெயர் பதிந்தாயிற்று. ஆசை காட்டி அழைத்து வந்தவர்களும் உண்டு, ஏமாற்றிக் கடத்தி வந்ததாகத் தஞ்சைப் பக்கம் எழுந்த புகார்களும் உண்டு.

1861 ஜூலை 1-ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதற்குச் சட்டத்தின் கதவைத் திறந்தது. காரைக்காலும் புதுச்சேரியும் கப்பலேற்றும் துறைகளாயின. கண்காணிக்க இங்கே பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவரும் வந்து உட்கார்ந்தார். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்கு, பெண்ணுக்குப் பத்து பிராங்கு. அன்றைய மதிப்பில் ஆணின் சம்பளம் ஏறத்தாழ 5 ரூபாய். சோறும் குடிசையும் மருந்தும் முதலாளி பொறுப்பு. 1876-78 பஞ்சத்தில் இந்த 5 ரூபாய் எவ்வளவு பெரிய தொகையாகத் தெரிந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மலையடியில் மாரியம்மன்

‘ஆரேலி’ என்ற கப்பல் 1853 மே 6-ஆம் தேதி மார்த்தினிக்கில் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. 1880-களின் நடுவில் இந்த வரத்து நிற்கும்வரை 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள். பக்கத்துத் தீவான குவாதலூப்புக்குப் போனவர்கள் 42 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்.

மார்த்தினிக்கில் அவர்கள் அதிகம் குடியமர்த்தப்பட்ட இடங்களில் முக்கியமானது தீவின் வடக்கு. பாஸ் புவாந்த், மக்கூபா ஆகிய ஊர்களின் கரும்புத் தோட்டங்கள் மோன் பெலேயின் வடக்கு, வடகிழக்குச் சரிவுகளில் கடல்வரை இறங்குகின்றன. மழை மலையில் கொட்டும். ஆறுகள் ஆழமான பள்ளங்களை அறுத்துக்கொண்டு ஓடும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் முதுகில் கரும்பு. நம் பக்கம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து வயலில் நிறுத்தியவர்கள், அங்கே காலடியில் தண்ணீர் நிற்காத சரிவில் குனிந்து கரும்பு வெட்டினார்கள்.

அவர்கள் கொண்டுபோன தெய்வங்களும் அங்கே தங்கின. பாஸ் புவாந்த் பக்கம் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. மதுரை வீரன் ‘மால்தெவிதான்’ ஆனார். தப்பு அடித்து, ஆடு வெட்டி, தமிழில் பாடிச் சாமி அழைத்தார்கள். அந்தப் பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த பூசாரி ஒருவரின் வாழ்க்கையை, அவரே சொல்லச் சொல்ல எழுதி, ‘சுவாசோ’ என்ற பெயரில் ஜெரி லெத்தாங்கும் விக்தோரன் பெர்மாலும் புத்தகமாக்கினார்கள். பெர்மால் யாரென்று காரைக்காலில் விளக்க வேண்டியதில்லை, பெருமாள்தான்.

இன்னொரு தெய்வம் நமக்கு இன்னும் நெருக்கம். கடலைத் தாண்டிக் கரை சேர்த்ததற்கு நன்றியாகக் கொடிமரம் நட்டு இந்த இந்துக்கள் வணங்கும் ஒருவருக்கு அங்கே ‘நாகூர்மிரா’ என்று பெயர். காரைக்காலுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாகூர் ஆண்டவர் அவர். இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் கடைசியாகக் கும்பிட்ட மினார்களை மறக்கவில்லை.

வற்றிய குளம் நிறைந்தது

இனி மலை உச்சிக்கு ஏறுவோம். 1902-க்கு முன்பு மோன் பெலேயின் மேலே இரண்டு பள்ளங்கள் இருந்தன. உச்சியை ஒட்டி லாக் தே பல்மிஸ்த் என்ற சிறு ஏரி. மக்கள் உல்லாசமாக ஏறிப் போய்ப் பார்த்து வரும் இடம். அதற்குக் கீழே தென்மேற்கில் எத்தாங் செக், அதாவது வறண்ட குளம். பெரும்பாலும் நீரில்லாத பழைய எரிமலை வாய் அது.

இந்த வறண்ட குளத்தின் சுவரில் தென்மேற்காக ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டிலிருந்து ரிவியேர் பிளாஞ்ச் என்ற ஆற்றின் பள்ளம் தொடங்கி நேரே கடலுக்கு இறங்குகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் கெரான் என்பவரின் சர்க்கரை ஆலை. அங்கிருந்து கரையோடு தெற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வந்தால் சான் பியேர் நகரம். தீவின் வணிகத் தலைநகர், நாடகக் கொட்டகையும் செய்தித்தாளும் கொண்ட ஊர். குளம், வெட்டு, பள்ளம், ஆலை, நகரம்: இந்த ஐந்தையும் மனத்தில் வரிசையாக நிறுத்திக்கொண்டால் பிறகு நடந்தது புரியும்.

மலை 1792-இலும் 1851-இலும் சிறிதாகச் சீறி அடங்கியிருந்தது. 1851-இல் சான் பியேரில் சாம்பல் தூவியதோடு சரி. 1902 ஏப்ரலில் மறுபடி சாம்பல் விழத் தொடங்கியது. ஏப்ரல் 27-ஆம் தேதி சிலர் மேலே ஏறிப் போய்ப் பார்த்தார்கள். வறண்ட குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஏறத்தாழ 180 மீட்டர் அகலம். ஓர் ஓரத்தில் புதிதாகச் சாம்பல் கூம்பு ஒன்று முளைத்து, அதிலிருந்து கொதிநீர் வழிந்துகொண்டிருந்தது.

மே 5-ஆம் தேதி நண்பகலுக்குப் பின் குளத்தின் சுவர் உடைந்தது. கொதிக்கும் நீரும் சேறும் பாறைகளும் வெட்டு வழியே ரிவியேர் பிளாஞ்ச் பள்ளத்தில் இறங்கி, ஆலையை அப்படியே மூடின. ஆலைக்குள்ளும் சுற்றிலும் இருந்தவர்கள் புதைந்தார்கள். சேறு கடலில் விழுந்த வேகத்தில் எழுந்த அலை சான் பியேர் கரையில் ஏறியது. வரைபடத்தில் ஆற்றுக்கு எந்த வழி காட்டியிருந்ததோ, அதே வழியில் ஓர் அடி பிசகாமல் சேறு வந்திருந்தது.

அறிஞர் குழுவின் தீர்ப்பு

நகரத்தில் பீதி. கிராமங்களிலிருந்து மக்கள் நகரத்துக்குள் வந்து குவிந்தார்கள், நகரத்தார் சிலர் வெளியேறினார்கள். மே 11-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று நடக்க வேண்டும். ஆளுநர் லூயி முத்தே ஒரு குழுவை அமைத்தார். உள்ளூர் லிசேயின் அறிவியல் ஆசிரியர் காஸ்தோன் லாந்த் அதில் இருந்தார். மே 7-ஆம் தேதி குழு தன் முடிவைச் சொன்னது. எரிமலை வாய் இருக்கும் இடத்தையும், அதிலிருந்து கடலை நோக்கித் திறந்திருக்கும் பள்ளங்களையும் வைத்துப் பார்த்தால், சான் பியேருக்கு ஆபத்தில்லை என்பது அதன் சாரம். ஆளுநரே மனைவியோடு நகரத்துக்கு வந்து தங்கினார்.

இந்தத் தீர்ப்பை முட்டாள்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. அது நிலத்தை ஒழுங்காகப் படித்துச் சொன்ன தீர்ப்பு. பள்ளத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் ஓடும். லாவாவும் அப்படித்தான். குளத்துக்கும் நகரத்துக்கும் நடுவே பள்ளங்கள் இருக்கின்றன, அவை எதையும் ஏந்திக் கடலில் விட்டுவிடும். இரண்டு நாளுக்கு முன்புதான் சேறு அதை நிரூபித்துக் காட்டியிருந்தது. காரைக்கால் விவசாயி ஒருவரை அந்தக் குழுவில் உட்கார வைத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். தண்ணீரின் பாதையைக் கண்ணால் அளப்பதுதானே அவர் பிழைப்பு.

வரைபடத்தில் தப்பில்லை. வரப்போவது தண்ணீர் போல ஓடும் பொருள் என்று எண்ணியதுதான் தப்பு.

மே 8, வியாழக்கிழமை. விண்ணேற்றப் பெருவிழா. காலை எட்டு மணி சுமாருக்கு மலையின் பக்கவாட்டிலிருந்து கருமேகம் ஒன்று வெடித்துக் கிளம்பித் தரையோடு தரையாக உருண்டு வந்தது. பல நூறு டிகிரி வெப்பத்தில் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த மேகம். பின்னாளில் எரிமலை ஆய்வாளர்கள் பலர் இதை இப்படி விளக்கினார்கள்: கனமான பகுதி ரிவியேர் பிளாஞ்ச் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போனது, லேசான சூட்டுப் புழுதி பள்ளத்தை விட்டு மேலேறி, மேடு தாண்டி, நகரத்தின் மேல் படர்ந்தது. சில நிமிடங்களுக்குள் சான் பியேர் எரிந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர். ஆளுநரும் ஆசிரியர் லாந்தும் அவர்களில் அடக்கம். நகரத்துக்குள் உயிர் பிழைத்தவர்கள் என்று உறுதியாகப் பெயர் சொல்லப்படுபவர்கள் இருவர்தான்: சிறையின் தடித்த சுவருக்குள் கிடந்த சில்பாரிஸ், செருப்புத் தைக்கும் லெயோன் கொம்பேர்.

பாரிஸ் அறிவியல் கழகம் அனுப்பிய கனிமவியலாளர் அல்பிரெட் லக்ருவா அடுத்த மாதமே வந்து இறங்கினார். அவர் 1904-இல் வெளியிட்ட பெரிய நூலுக்குப் பிறகுதான், பள்ளத்துக்குக் கட்டுப்படாத இந்தச் சுடுமேகம் எரிமலையியலில் தனி வகையாக நிலைபெற்றது. வறண்ட குளம் இருந்த இடத்தில் கெட்டியான லாவா பிதுங்கிக் குவிமாடமாக எழுந்தது. அதன் மேல் 300 மீட்டருக்கும் உயரமாக ஒரு கல் ஊசி வளர்ந்து, 1903-இல் நொறுங்கி விழுந்தது. மோனியே காலத்து வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குளத்தைத் தேடினால் இன்று அங்கே பாறைக் குன்றுதான் இருக்கும்.

உலகம் படிக்காத பக்கம்

சான் பியேர் கதை உலகம் முழுக்கப் போனது. மலையின் மறுபக்கத்துக் கதை அவ்வளவு தூரம் போகவில்லை. தமிழர்கள் இருந்தது அந்தப் பக்கம்தான். மே மாதத்திலேயே பாஸ் புவாந்த் ஆற்றில் சேற்று வெள்ளம் இறங்கி ஊரைத் தாக்கியது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி இரவு மலை மறுபடி வெடித்தது. இந்த முறை சுடுமேகம் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பரவி மோர்ன் ரூழ் என்ற ஊரை அழித்து, அழூப்பா புய்யோன், பாஸ் புவாந்த் எல்லைகள் வரை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மே மாதப் பேரழிவுக்குப் பிறகு பாதுகாப்பு என்று நம்பித் திரும்பி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

1902-இல் ஐந்தாண்டு ஒப்பந்தக் காலம் முடிந்து வெகுநாளாகியிருந்தது. ஊர் திரும்பியவர்கள் திரும்பிவிட்டார்கள். மற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தோட்டத்துக் குடிசைகளிலேயே இருந்தார்கள். தோட்டத்தை விட்டால் வீடும் இல்லை, கூலியும் இல்லை. மலை அதிர்கிறது என்று கிளம்பிப் போக, நகரத்து வியாபாரிக்குப் படகும் உறவும் பணமும் இருந்தன. தோட்டத்து ஆளுக்கு மேஸ்திரி வார்த்தைதான் இருந்தது. குழு போட்டு ஆராய்ந்ததும் நகரத்துக்காகத்தான். கறுப்பினத் தொழிலாளிக்கும் இந்தியத் தொழிலாளிக்கும் சேர்த்து அந்தச் சரிவுகளில் நிலைமை என்ன என்று யாரும் அறிக்கை கேட்கவில்லை.

பழைய வரைபடத்தைப் பற்றி நாம் எழுப்ப வேண்டிய கேள்வி இங்கேதான் வருகிறது. 1770-இல் மொரோ தியு தாம்பிள் வரைந்த மார்த்தினிக் படம் தொடங்கி இந்தத் தீவின் வரைபடங்கள் எல்லாம் ஒரு காரியத்துக்காக வரையப்பட்டவை. ஒன்று கோட்டையைக் காக்க, இல்லை கப்பலை ஓட்ட, இல்லை தோட்டத்தை அளக்க. அந்தக் காரியத்துக்கு அவை சரியாகவே பயன்பட்டன. ‘இங்கே குடியிருப்பது பத்திரமா’ என்ற கேள்விக்காக எவரும் அவற்றை வரையவில்லை. 1902 மே மாதத்தில் திடீரென்று அந்தக் கேள்வியை அவற்றிடம் கேட்டார்கள், நிலம் தனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னது.

அந்தப் பாடம் வீண் போகவில்லை. 1976-இல் குவாதலூப்பின் சூஃபிரியேர் எரிமலை புகைந்தபோது, அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டபோதிலும், பிரெஞ்சு அரசு 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மலைச்சரிவிலிருந்து வெளியேற்றியது. பெரிய வெடிப்பு வரவில்லை. வீணாக ஓட வைத்தார்கள் என்ற ஏச்சு பல ஆண்டுகள் நீடித்தது. 28 ஆயிரம் பேரின் கணக்கை நினைத்தால் அந்த ஏச்சு மலிவான விலைதான். இப்போது இத்தகைய எரிமலைகளுக்கு ஆற்றையும் மேட்டையும் மட்டும் வரைவதில்லை. சுடுமேகம் எதுவரை எட்டும், சேறு எந்த ஊரைத் தொடும், சாம்பல் எங்கே விழும் என்று தனித்தனியே ஆபத்து வரைபடம் போடுகிறார்கள். மோன் பெலேயும் வடக்கு மார்த்தினிக்கின் காடுகளும் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தச் சரிவுகளில் மாரியம்மன் கோயிலும் இருக்கிறது, தப்புச் சத்தமும் கேட்கிறது.

சூஃபிரியேரின் கிழக்குச் சரிவில், குவாதலூப்பின் கபெஸ்தேர் என்ற ஊரில், கூலிகளாகப் போன பெற்றோருக்குப் பிறந்தவர் ஒருவர். பெயர் ஆன்றி சிதம்பரம். இந்தியர்கள் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த பிறகும் வாக்காளர் பட்டியலில் ஏன் இல்லை என்று 1904-இல் அவர் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. அரசின் தாள்களில் ஆளாக இடம்பெற அவர் நடத்திய அந்தப் போராட்டம் அடுத்த இதழில்.

(தொடரும்)